கிளாவரைக்குப் பூண்டு கொண்டுபோனேன்

கொடைக்கானல் மலையில் பூண்டு விளைகிறது என்பது எனக்குத் தெரியும். பழனியில் மலைப்பூண்டு என்று கூவித்தான் விற்கிறார்கள். என் கடைக்கு நானே வாங்குகிறேன். அப்படியிருந்தும் ஒரு மஞ்சள் பை நிறையப் பூண்டைக் கட்டிக்கொண்டு மலையேறினேன். பிள்ளை பெற்ற மகளுக்குத் தாய்வீட்டிலிருந்து பூண்டு போகவேண்டும். அவ்வளவுதான் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கிற நிலையில் அன்றைக்கு நான் இல்லை. கோபத்தில் இருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு வாசனை தட்டியிருக்க வேண்டும். எந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். கிளாவரை என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார், பையை ஒரு தடவை பார்த்தார்.

"கிளாவரைக்கா பூண்டு கொண்டு போறீங்க?"

"ஆமா."

"அங்கன பூண்டுக் காடால்ல கெடக்கு."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது இன்னும் மோசம். என் பக்கத்து ஷட்டர் பாதியில் சிக்கி, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மலை ஏற ஏறச் சாரல் நேராக என் தோளில் அடித்தது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டெப்போவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார். எப்போது என்று கேட்டேன். போன மழைக்கு என்றார்.

கோபத்துக்கு ஷட்டர் காரணம் இல்லை. அது முன்னாலேயே தொடங்கிவிட்டது.

பழனி அடிவாரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இட்லிக் கடை வைத்திருக்கிறோம். அவர் கல்லாவில் இருப்பார், நான் அடுப்பில் இருப்பேன். என் சத்தம் தெருமுனை வரை கேட்கும் என்பார்கள். கேட்கட்டும். காவடிக் கூட்டம் வரும்போது சத்தம் போடாமல் யாரும் இட்லி போட்டுவிட முடியாது. எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. தலையில் நரை இல்லை. எல்லோருக்கும் நான் அக்காதான். பேத்தி பிறந்த செய்தி வந்த காலையில் வீட்டுக்காரர் சாப்பிட வந்த அத்தனை பேருக்கும் இலவசமாகக் கேசரி வைத்து, என்னைக் கைகாட்டி, "இவ பாட்டி ஆயிட்டா" என்றார். அவர் தாத்தா ஆனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. "பாட்டி, கொஞ்சம் சட்னி" என்று பூக்காரர் தட்டை நீட்டினார். அவர் என்னைவிட மூத்தவர். சட்னி இல்லை என்று சொல்லிவிட்டேன். சட்னி இருந்தது.

அது சின்னக் கோபம். பெரியது வேறு. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். எங்கள் பக்கம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கையோடு அழைத்துவந்துவிடுவோம். என் மகள் மகேசு வரவில்லை. பழனி வெயில் தாங்காது என்றாள். மாடி அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, ஏர்கூலர் வாங்கி வைத்தேன். அங்கே வந்தால் ரெஸ்ட் கிடைக்காது என்றாள். அதற்கு நான் என்ன வாங்கி வைப்பது?

மகேசு யாரையும் எதிர்த்துப் பேசாத பெண். பள்ளிக்கூடத்தில் அவள் குடையை வேறொருத்தி எடுத்துக்கொண்டு போனால் நனைந்துகொண்டே வீட்டுக்கு வருவாள். வாழ்க்கையில் அவள் ஒரே ஒரு முறை முடியாது என்று சொன்னாள். அதையும் என்னிடம்தான் சொன்னாள்.

இதற்கு மேல் சேனை விஷயம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் துளி இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்கிறோம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். பெண்ணைப் பெற்றவள் ஒருத்தி இருக்கும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்பது முறை. என்னிடம் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வைக்கப்போகிறார் என்று போனில் தகவல் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. சம்பந்தி பாக்கியம் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் மாடு பக்கத்து வீட்டு முட்டைக்கோசைத் தின்றபோதும், பக்கத்து வீட்டு மாடு அவர் முட்டைக்கோசைத் தின்றபோதும் ஒரே மாதிரிச் சிரித்தாராம். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார்களா?

எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே சாம்பார் கரண்டியை வைத்த வேகத்தில் கைப்பிடி வளைந்தது.

கொடைக்கானலில் இறங்கியபோது பல் கிட்டியது. பழனியில் நான் அடுப்பு முன்னால் வேர்வையைத் துடைக்கவே ஒரு துண்டு வைத்திருப்பேன். அந்தத் துண்டை இங்கே காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள், பனியைப் போட்டோ எடுக்கிறார்கள். போட்டோவில் என்ன தெரியும்? எல்லாக் கடையிலும் வீட்டில் செய்த சாக்லேட் என்று போர்டு தொங்குகிறது. அத்தனை வீடு அந்த ஊரில் இல்லை. பசிக்கு ஓர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். விலையைச் சொல்லமாட்டேன். சொன்னால் மறுபடியும் கோபம் வரும். இட்லி கல்லாக இருந்தது. அதை மாத்திரம் சப்ளையரிடம் சொன்னேன். அவர், "குளுருக்கு மாவு புளிக்காதுங்கம்மா" என்றார். அப்படியென்றால் பொங்கல் போடவேண்டியதுதானே என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் மகேசு சுவர் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பொதி மாதிரி பிள்ளை. "அம்மாச்சி வந்துருக்கு பாருடி" என்று அதனிடம் சொன்னாள். எனக்கு நெஞ்சு உருகும் என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உருகவில்லை. பிள்ளை சிவப்பாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, யாரிடமோ சண்டைக்குப் போகப்போவது போலப் படுத்திருந்தது. தூக்கினேன். லேசாக இருந்தது. ஒரு படி அரிசி கூட இதைவிடக் கனமாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்த வார்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் நர்சம்மா. சம்பந்தி சீனித்தண்ணீர் டம்ளரை முந்தானையில் மறைத்து வைத்திருந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "சேனை கீனைன்னு எதையாச்சும் வாயில வச்சீங்க, தெரியும் சேதி. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால். வேற ஒண்ணும் கெடையாது" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். சம்பந்தி வழக்கம்போலச் சிரித்தார். வீட்டுக்குப் போய் நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று என் காதில் மெதுவாகச் சொன்னார். நாள் ஏற்கெனவே பார்த்திருந்தார். நாளை மறுநாள் காலை.

அதனால்தான் மறுநாளே கிளம்பவேண்டி வந்தது. தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விடுகிற அரசாங்க வண்டிக்கு இன்னும் ஒரு நாள் காத்திருக்கவேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை செல்வத்தின் காய்கறி வண்டி கிளட்ச் போய்ப் பட்டறையில் கிடந்தது. நல்ல நாள் தவறக்கூடாது என்று ஊருக்குப் போகிற ஜீப் ஒன்றில் இடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஜீப்பைப் பார்த்தேன். பின்னால் இரண்டு பக்கமும் பலகை. நடுவில் உர மூட்டை. மூட்டைமேல் காலை வைத்துக்கொண்டு ஆறு பேர். முன் சீட்டில் காமிராவோடு இரண்டு இளவட்டங்கள். டிரைவர் எங்களைப் பின்னால் ஏறச் சொன்னார்.

"முன்னாடி இருக்கவங்க மன்னவனூர்ல எறங்கிருவாங்க. அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கக்கா."

அவளுக்குத் தையல் போட்டிருக்கிறது என்று சொன்னேன். மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்றார். மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சம்பந்தி பையைத் தூக்கிக்கொண்டு ஏறத் தயாராகிவிட்டார். நான் திரும்புவதற்குள் மகேசு பின்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடையில்லாமல் நனைந்துகொண்டு வருகிற அதே முகம்.

அப்புறம் நடந்ததை மறைக்கப்போவதில்லை.

"காலை எடுடி கீழ" என்று அவளிடம் சொன்னேன். டிரைவரிடம், "ஒன் பொண்டாட்டி பிள்ளை பெத்தப்பவும் இப்படித்தான் உர மூட்டை மேல ஏத்தி அனுப்புனியா?" என்று கேட்டேன். மாப்பிள்ளையை என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதினால் அவருக்கு மரியாதை இல்லை. சந்தை நாள். ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேரிக்காய் விற்கிற அம்மா நன்றாகக் கேட்பதற்காகக் கூடையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

முன் சீட்டுப் பையன்கள் கேரளாக்காரர்கள். ஒருவன் இன்னொருவனிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் குதித்து இறங்கினார்கள். பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்று டிரைவர் அவர்களிடம் சொல்லவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவன் தன் ஜாக்கெட்டை மடித்து மகேசுக்குச் சாய்ந்துகொள்ளக் கொடுத்தான். இரண்டு பேரும் பின்னால் போய் உர மூட்டையில் உட்கார்ந்தார்கள். எனக்கு மீதியிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இவ்வளவு சத்தத்திலும் சம்பந்தி கையில் இருந்த பிள்ளை அசையாமல் தூங்கியது. நான் வாயை மூடிய பிறகுதான் கண்ணை முழித்து அழத் தொடங்கியது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகேசும் பிள்ளையும் முன்னால். நானும் சம்பந்தியும் மாப்பிள்ளையும் பின்னால். ரோடு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று நடுரோட்டில் நின்று எங்களைப் பார்த்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, அதுவாக நகரும் வரை காத்திருந்தார். ஹாரன் கூட அடிக்கவில்லை. மாட்டுக்குக் காட்டுகிற மரியாதையை என் மகளுக்குக் காட்டியிருந்தால் நான் கத்தியே இருக்கமாட்டேன். ஆனால் கத்தியாகிவிட்டது. சேனை வைக்க என்னைக் கூப்பிடாதது எவ்வளவு சரி என்று, கூப்பிடாதவர்கள் எதிரிலேயே காட்டிக் கொடுத்துவிட்டேன். இனி யாரும் என் பேரைக்கூட எடுக்கமாட்டார்கள். போகிறது என்று நினைத்துக்கொண்டேன். போகவில்லை.

பூம்பாறையில் டீக்கு நிறுத்தினார்கள். கீழே படிப்படியாகப் பூண்டுக் காடு. பஸ்ஸில் வந்த அம்மாள் சொன்னது உண்மைதான். என் மஞ்சள் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். சம்பந்தி இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். அவருக்குக் கேரளாவில் வட்டவடைப் பக்கம் சொந்தம் உண்டு. மலையாளம் தெரியும். டீயைக் குடித்துக்கொண்டே, கொடைக்கானலில் அந்தப் பையன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"'எறங்கிரு, இந்தம்மா அடிச்சாலும் அடிச்சிரும்'னான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இது முட்டைக்கோசுச் சிரிப்பு இல்லை. டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். அவருக்கு அப்படியும் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

கிளாவரை ரோடு முடிகிற ஊர். அந்தப் பக்கம் காடு, அதற்கப்பால் கேரளா. சாயங்காலத்துக்கு முன்னாலேயே பனி இறங்கி எதிர்வீட்டை மறைத்துவிட்டது. சம்பந்தி வீட்டு உள்கூரை முழுக்கப் பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டு நான் என் பையை நீட்டினேன். மாப்பிள்ளை வாயைத் திறக்கப் போனார். அவர் அம்மா ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டார்.

"கீழ்நாட்டுப் பூண்டா? உரிக்க லேசு. எங்க பூண்டை உரிச்சா நகக்கண்ணு எரியும்" என்று வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் குழம்பை அந்தப் பூண்டில்தான் வைத்தார். நான்தான் உரித்தேன். குழம்பு நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கும் நன்றாக இருந்தது, பழனியில் கிடைப்பது போலச் சப்பென்று இல்லை. அடுப்புப் பக்கத்தில் இட்லி மாவுப் பானைக்குக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். பிள்ளைக்குப் போர்த்தியிருந்ததைவிட அது தடிமன். இங்கே கடை போட்டால் ஒரே மாதத்தில் மூடிவிடுவேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை அழத் தொடங்கியது. பால் கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள், தோளில் போட்டு நடந்தார்கள். சம்பந்தி மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடினார். நல்ல குரல். பிள்ளை அதைக் கேட்டுவிட்டு இன்னும் உரக்க அழுதது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அந்த வீட்டில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் டவர் கிடைக்கும். மகேசின் கட்டிலும் அங்கேதான். வீட்டுக்காரர் பேசினார். நாளைக்கு வேண்டிய மாவை ஆட்டவேண்டும், உளுந்து எவ்வளவு போடுவது என்று கேட்டார். இருபது வருடமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, உளுந்து எம்புட்டுன்னு இப்பக் கேக்குறீங்களே, வெள்ளனே ஊறப்போட வேணாமா? கிரைண்டரையாச்சும் கழுவுனீங்களா? ஒங்க கையில கடையக் குடுத்துட்டு வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

இன்னும் நிறையச் சொன்னேன். போனை வைத்தபோது வீடு அமைதியாக இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை அகல விரித்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், அப்படியே ஆடாமல் கிடந்தது. நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உதடு பிதுங்கி மறுபடியும் அழுகை.

"சம்மந்தி, கொஞ்சம் பேசுங்க" என்றார் பாக்கியம்.

"என்னத்தப் பேச?"

"இப்பப் பேசுனீங்கள்ல, அதையே."

உளுந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன். அழுகை நின்றது. மகேசு தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னடி என்றேன்.

"போன்ல நீ பேசறதக் காதுல வச்சுக் கேக்க முடியாதும்மா, வலிக்கும். ஸ்பீக்கரப் போட்டு வயித்து மேல வச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். நீ திட்டத் திட்ட இது உள்ள உருளும். அப்புறம் அடங்கிரும். தெனமும் கேட்ட சத்தம்ல."

மாசமாக இருந்தவளைத் தினமும் கூப்பிட்டுத் திட்டியது உண்மைதான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, ஏன் வரமாட்டேன் என்கிறாய், அந்த ஏர்கூலரை யார் தலையில் கட்டுவது. மகளைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கியது இன்னொருத்தி.

மறுநாள் காலை குளித்து, சேலை மாற்றி, எல்லோரும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் ஓரமாக உட்கார்ந்தேன். நர்சம்மா சொன்னதை மகேசு ஞாபகம் வைத்திருந்தாள். சீனித்தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலையே தொட்டு வைக்கலாம் என்றாள். சம்பந்தி சரி என்றார். ஒரு சங்கில் துளி பாலை வைத்துக்கொண்டு விரலை நனைக்கப் போனார்.

"அத்தை, அம்மா வைக்கட்டும்" என்றாள் மகேசு.

மெதுவாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். சம்பந்தியின் விரல் சங்குக்கு மேலே நின்றது. இத்தனை நாளும் நான் எதற்குக் கோபப்பட்டேனோ அது என் முன்னால் வந்து நின்றது. எனக்குப் பயம்தான் வந்தது.

"வேணாம்டி" என்றேன். "இந்தக் குணத்த வச்சுக்கிட்டு நான் பட்டது போதும். எங்கூடப் பெறந்தவளே எங்கிட்டப் பேசுறதில்ல. ஒம் மகளுக்கும் அது வேணுமா?"

"எனக்கு யார வைக்கச் சொன்ன?"

பக்கத்து வீட்டு டீச்சரை. எங்கள் தெருவிலேயே அதிர்ந்து பேசாதவர். என் மகள் என்னைப் போல வந்துவிடக்கூடாது என்று நானே தேடிப்போய்க் கூப்பிட்டுவந்தேன். மகேசுக்கு அது தெரியும்.

"அதான் நேத்து வாயத் தொறக்காம ஜீப்புல பின்னாடி ஏறப் போனேன். இவளாச்சும் முன்சீட்டுல உக்காரட்டும்மா."

"பெறகு ஏண்டி பிரசவத்துக்கு வீட்டுக்கு வரல?"

"பயமா இருந்துச்சு. ஒஞ் சத்தத்துக்கு."

நேராகச் சொன்னாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. அது நியாயம்தான்.

சம்பந்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நாள் பார்த்தவர் அவர். ஊரில் எத்தனையோ பிள்ளைக்கு அவர் வைத்திருக்கிறார். சொந்தப் பேத்திக்கு வைக்கும்போது கையைத் தடுத்தால் நானாக இருந்தால் சங்கைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு சங்கை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே வைங்க சம்மந்தி. மடியில நான் வச்சுக்கறேன். பொறுமை பொறுமைன்னு நானும் கல்யாணமான நாள்லருந்து பின்சீட்டுலதான் போறேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி மடியில் பிள்ளை. நான் விரலைப் பாலில் தொட்டேன். நாக்கில் வைத்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் முந்தின நாள் உரித்த பூண்டு வாசனை கையில் இருந்திருக்கவேண்டும். பிள்ளை முகத்தைச் சுளித்து, நெற்றியைச் சுருக்கி, என் விரலை ஈறால் ஒரு கடி கடித்தது. பல் இல்லாவிட்டாலும் கடி கடிதான்.

அதன் பிறகு கிளாவரையில் ஒரு வாரம் இருந்தேன். எழுதுவதற்கு அதிகம் இல்லை. மழை பெய்தது. துணி காயவில்லை. கேரட்டைக் கழுவாமல் காட்டிலேயே கடித்துத் தின்றேன், அது மாதிரிக் கேரட்டைக் கீழே நான் தின்றதில்லை. மாவு ஒரு நாளும் புளிக்கவில்லை. ஒரு நாள் கோபத்தில் அதையே ஆவியில் வைத்தேன். வந்ததை மாடு கூட யோசித்துத்தான் தின்றது. மாப்பிள்ளையிடம் மன்னிப்பு என்று கேட்கவில்லை, அவர் கிளட்ச் போட்டு வண்டியை எடுத்துவந்த அன்றைக்கு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து காட்டினேன். அவருக்குப் புரிந்தது. முன்சீட்டில்தான் உட்கார்ந்தேன். சம்பந்தியையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். நெருக்கமாக இருந்தது. இருக்கட்டும்.

சாயங்காலம் பிள்ளை அழும்போது என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய், கடைசியில் பருப்பு விலையையும் பழனி முனிசிபாலிட்டித் தண்ணீரையும் திட்டினேன். அதற்கும் தூங்கியது.

இறங்கும்போது கொடைக்கானலில் பழனி பஸ் ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். அதே பஸ். அதே ஷட்டர், அதே பாதியில். கண்டக்டரும் அவரே. என்னைப் பார்த்ததும் டிக்கெட்டைப் பின்னாலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தார்.

பெருமாள்மலை தாண்டியபோது போன் அடித்தது. மகேசு. பின்னால் பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம். அத்தை பாடிப் பார்த்துவிட்டார், மாப்பிள்ளை தோளில் போட்டு நடந்து பார்த்துவிட்டார் என்றாள்.

"ஸ்பீக்கர் போட்டுட்டேன்மா. கொஞ்சம் திட்டேன்."

யாரைத் திட்டுவது? பக்கத்தில் ஒரு தாத்தா வாந்திக்கு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருந்தார். பாவம். முன்னால் ஒரு புதுக் கல்யாண ஜோடி. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. சாரல் என் தோளில் விழுந்தது. கண்டக்டர் அந்த நேரம் என் வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

போனை அவர் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஷட்டரில் தொடங்கினேன். போன மழையில் எழுதிக் கொடுத்தது எந்த மழையில் வந்து சேரும் என்று கேட்டேன். நனைகிறவள் தோளுக்கு டெப்போவில் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எலுமிச்சம்பழத் தாத்தா கண்ணைத் திறந்தார். கண்டக்டர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளைச் சத்தம் கேட்கிறதே என்று குழம்பி நின்றார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விக்கலானது. பிறகு ஒன்றும் இல்லை.

"தூங்கிட்டாம்மா" என்று மகேசு ரகசியமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கண்டக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சுதாங்க பாட்டி?" என்றார். பாட்டி என்றதை நான் கவனித்தேன்.

"பேத்திக்கு முடிஞ்சுது" என்றேன். "ஒங்களுக்கு இன்னும் முடியல."